எறும்பு உரைத்த எச்சரிக்கை

அடையாற்றின் முகத்துவாரத்துக்குத் தெற்கே, பிரம்மஞான சபையின் தோப்புக்கும் பெசன்ட் நகர்க் கடற்கரைக்கும் இடையில் இருக்கிறது ஊரூர் ஒல்காட் குப்பம். கடலை நம்பி வாழும் இவ்வூரில் எண்ணெய் ஆலை இல்லை, துறைமுகமும் இல்லை. ஆயினும் எண்ணெய் இதன் வாசலைத் தேடி வந்தது.

2017 ஜனவரி 28 அன்று விடியும் முன்னர், ஏறத்தாழ 28 கிலோமீட்டர் வடக்கே, எண்ணூர் காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. கடலுக்குக் கேடு ஏதுமில்லை என்றே அன்று முதலில் அறிவிக்கப்பட்டது. அடுத்த சில நாட்களில் எண்ணூர் தொடங்கி மெரினா, பெசன்ட் நகர், திருவான்மியூர் வரையிலும் கரையெங்கும் கருமை படிந்தது. மீனவர்களும் மாணவர்களும் வாளிகளால் அந்தக் கசட்டை அள்ளினர். எண்ணெய் படாத மீனையும் வாங்க நகர மக்கள் தயங்கினர். மோதலுக்கும் மறைப்புக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லாத மீனவப் பெண்கள், விற்காத கூடைகளோடு வீடு திரும்பினர்.

இந்நிகழ்ச்சி நம்முன் ஒரு கேள்வியை வைக்கிறது. ஆபத்தான பொருளைக் கையாளுகிறவன், அது கைமீறிப் போகும்போது, தன் அண்டை அயலாருக்கு முதலில் செலுத்த வேண்டிய கடன் யாது? நட்டஈடு என்பர் சிலர். துப்புரவு என்பர் வேறு சிலர். இரண்டும் கடமைகளே, எனினும் இரண்டுக்கும் முற்பட்ட கடன் ஒன்று உண்டு என்பது நமது கருத்து. அதுதான் செய்தி. காலம் தாழ்த்தாமல், ஒளிக்காமல், விளங்கும் மொழியில் சொல்லப்படும் செய்தி.

அமானிதம் என்றால் நம் நினைவுக்கு வருவது பிறர் நம்மிடம் ஒப்படைத்த பணமோ நகையோதான். ஒருவருடைய உயிரைக் காக்கக்கூடிய அறிவு நம் கையில் இருக்குமானால், அதுவும் அவருடைய உடைமையன்றோ? அதை உரியவரிடம் சேர்க்காமல் வைத்திருப்பது எவ்வாறு நேர்மையாகும்?

எண்ணெய் ஆலையைப் பொறுத்தவரை இக்கேள்வி மேலும் கூர்மையடைகிறது. கச்சா எண்ணெயைக் காய்ச்சிப் பிரிக்கும்போது வெளிப்படும் வாயுக்களுள் ஹைட்ரஜன் சல்பைடு ஒன்று. சிறிதளவில் அது அழுகிய முட்டையைப் போல நாறும். அளவு மிகுந்தாலோ மோப்ப உணர்வையே மரக்கச் செய்துவிடும். ஆபத்து பெருகும் வேளையில் நாற்றம் நின்றுவிட்டதாக மனிதன் மகிழக்கூடும்! தன் மூக்கையும் நம்ப முடியாத நிலையில் இருக்கிறான் வேலிக்கு வெளியே வாழ்பவன். அளவுகாட்டும் கருவி வேலிக்கு உள்ளே இருப்பவனிடமே இருக்கிறது. ஆகவே, பேச வேண்டிய பொறுப்பும் அவனையே சார்கிறது.

சென்னைக்கு வடக்கே மணலியில் 1969 முதல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இயங்கி வருகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் பெருமழையைக் கொட்டியபோது, வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து பக்கிங்காம் கால்வாய் வழியே கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் பரவியது. தன் குழாய்களில் கசிவில்லை என்று ஆலை நிறுவனம் முதலில் கூறியது; எண்ணெய் அவ்வளாகத்திலிருந்தே வந்தது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கண்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. எங்கிருந்து வந்தது என்ற வாதம் நடந்துகொண்டிருந்த நாட்களில், படகும் வலையும் பாழாகிப்போன மீனவர்கள் தங்கள் படகுகளிலேயே சென்று, வெறுங்கைகளாலும் வாளிகளாலும் எண்ணெயை அள்ளிக்கொண்டிருந்தனர்.

அத்துன்பம் ஆறும் முன்னரே, அதே மாதம் 26ஆம் நாள் நள்ளிரவில், எண்ணூரில் உரத் தொழிற்சாலை ஒன்றுக்குக் கப்பலிலிருந்து அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம் மக்களை எழுப்பியது அபாயச் சங்கு அன்று, கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமே. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு அவர்கள் இருளில் ஓடினர். அம்மோனியா நீரில் எளிதில் கரைவது. நனைத்த துணியால் முகத்தை மூடிக்கொண்டு, காற்று வீசும் போக்கிற்குக் குறுக்காக விலகிச் செல்வது நலம். இந்தச் சிறு அறிவு கடலோரக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே கற்பிக்கப்பட்டிருக்க வேண்டாமா?

திருமறையின் 27ஆம் அத்தியாயம் எறும்பின் பெயரைத் தாங்கியது. சுலைமான் நபி (அலை) அவர்களின் பெரும்படை எறும்புகளின் பள்ளத்தாக்கை நெருங்கியபோது, ஓர் எறும்பு தன் இனத்தாரை விளித்து, வீடுகளுக்குள் புகுந்துகொள்ளுமாறும், இல்லையேல் படையினர் தம்மை அறியாமலே மிதித்துவிடக்கூடும் என்றும் எச்சரித்த வரலாறு அதில் வருகிறது. அச்சிற்றுயிரின் சொல்லில் எவ்வளவு நிறைவு! வருவது யார் என்று அது கூறிற்று. எங்கே செல்ல வேண்டும் என்று கூறிற்று. செல்லாவிடில் நேர்வதையும் கூறிற்று. எல்லாவற்றையும் படை வந்து சேரும் முன்னரே கூறிற்று. படையினர் அறியாமல் மிதிப்பர் என்றதன் மூலம், பழி சுமத்தாமலும் எச்சரிக்க முடியும் என்று காட்டிற்று.

இப்பண்பு நமது சிந்தனைக்குரியது. கசிவை உடனே அறிவித்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடுமோ என்ற அச்சமே ஆலைகள் பலவற்றின் வாயைக் கட்டுகிறது. குற்றம் யாருடையது என்பதை விசாரணை பின்னர் முடிவு செய்யட்டும். உயிரைக் காக்கும் சொல் அதற்காகக் காத்திருக்கலாகாது.

மக்கள் பீதியடைவர் என்பது மற்றொரு வாதம். 1984 டிசம்பர் 2ஆம் நாள் இரவு போபாலில் நடந்தது இதற்கு விடையளிக்கும். ஊராருக்கான சங்கு சிறிது நேரம் ஒலித்து நிறுத்தப்பட்டது. பீதியோ நிற்கவில்லை. எத்திசையில் செல்வது என்று அறியாமல், நச்சுக்காற்றின் போக்கிலேயே ஓடி மாண்டோர் பலர். விசாகப்பட்டினத்தில் 2020 மே 7 அன்று ஸ்டைரின் வாயு கசிந்தபோதும், சங்கு ஒலிக்கும் வசதி இருந்தும் அது பயன்படுத்தப்படவில்லை என்று விசாரணைக் குழு கண்டது. அச்சத்தை வாயுவே கொண்டுவந்துவிடுகிறது. மறைப்பதால் மக்கள் இழப்பது தப்பும் வழியை மட்டுமே.

மூன்றாவதாக ஒரு நியாயமான தயக்கமும் உண்டு. அடிக்கடி ஒலிக்கும் சங்கை ஊர் மதிக்காமல் போய்விடலாம். சங்கு மட்டுமே காப்பாற்றிவிடும் என்று நாமும் கூறவில்லை. அமெரிக்காவில் ரிச்மண்ட் நகரின் எண்ணெய் ஆலை 2012 ஆகஸ்ட் 6 அன்று தீப்பற்றியபோது சங்கு ஒலித்தது. வீட்டுக்குள் இருந்து கதவடைத்துக்கொள்ளுமாறு அறிவிக்கப்பட்டது. அப்படியும் ஏறத்தாழ 15,000 பேர் மருத்துவம் நாடினர். கசியாமல் காப்பதே முதற்கடமை என்பதை இது நினைவூட்டுகிறது. எனினும், தவறாக ஒலித்த சங்குக்கு மறுநாள் விளக்கம் கூறிவிடலாம். ஒலிக்காத சங்குக்கு யாரிடம் போய் விளக்கம் கூறுவது?

சட்டமும் இதையே வேண்டுகிறது. போபாலுக்குப் பின், 1989இல் வகுக்கப்பட்ட அபாயகரமான இரசாயனங்கள் பற்றிய விதிகள், விபத்தால் பாதிக்கப்படக்கூடிய வெளியாருக்கு ஆபத்தின் தன்மையையும், செய்யத் தக்கவை தகாதவற்றையும் தெரிவிப்பதைத் தொழிற்சாலை நடத்துவோரின் கடமையாக்கின. ஏட்டில் இருக்கும் இக்கடமை குப்பத்தின் குடிசை வரை வந்து சேர்ந்ததா என்பதே வினா.

சேர முடியும் என்பதற்குச் சான்று உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று, புதுவையை அடுத்த நல்லவாடு என்னும் மீனவர் ஊருக்குச் சிங்கப்பூரிலிருந்து அவ்வூர் மகன் ஒருவர் தொலைபேசியில் ஆழிப்பேரலையைப் பற்றி எச்சரித்தார். அலையின் உயரத்தையும் வானிலையையும் நாள்தோறும் அறிவிப்பதற்காக அங்கே ஒலிபெருக்கி வைக்கப்பட்டிருந்தது. அதன் வழியே செய்தி பரவ, ஊர் பிழைத்தது. பேரலை நாளுக்கென அமைக்கப்பட்ட கருவியன்று அது. அன்றாடம் உண்மை பேசிய கருவியாக இருந்ததால்தான், பெருநாசத்தின் காலையில் ஊர் அதை நம்பியது.

நம் மஹல்லாக்களுக்கும் இதில் பாடம் உண்டு. ஐவேளையும் அழைக்கும் ஒலிபெருக்கி ஒவ்வொரு பள்ளிவாசலிலும் இருக்கிறது. ஆலைகளுக்கு அருகில் வாழும் ஜமாஅத்தினர், எந்தச் சங்குக்கு என்ன பொருள், முதியோரையும் நோயாளிகளையும் யார் அழைத்துச் செல்வது என்பனவற்றை அதிகாரிகளிடமும் நிறுவனத்திடமும் கேட்டறிந்து, சமயம் பாராது அண்டை அயலார் அனைவருக்கும் சொல்லி வைக்கலாம். ஆலைக்குத் தொலைவில் வாழும் நாமும் விலகி நிற்க இயலாது. நம் அடுப்பில் எரியும் வாயுவும் வாகனத்தில் ஓடும் எண்ணெயும் யாரோ ஒருவருடைய வாசலுக்கு அருகில்தான் பிரித்தெடுக்கப்படுகின்றன.

தன் தீங்கைப் பற்றி அண்டை வீட்டார் அச்சமின்றி வாழ முடியாதபடி நடப்பவனின் ஈமானில் குறை உண்டு என்பது பெருமானார் (ஸல்) அவர்களின் போதனை. அண்டை வீடு எதுவரை? எண்ணூரின் எண்ணெய் பெசன்ட் நகர்க் கரை வரை வந்து அதற்கு விடை சொல்லிவிட்டது. காற்றும் நீரோட்டமும் நம் தீங்கை எதுவரை கொண்டு செல்லுமோ, அதுவரை நம் அண்டை வீடுதான்.

எறும்பின் சொல்லைக் கேட்ட சுலைமான் நபி (அலை) அவர்கள் சினம் கொள்ளவில்லை. புன்னகை பூத்தார்கள், தமக்கு அருளப்பட்டவற்றுக்கு நன்றி செலுத்தும் பேற்றை இறைவனிடம் இறைஞ்சினார்கள். எளியவரின் அபயக்குரலைச் செவிமடுக்கும் அந்த உள்ளத்தை, ஆற்றலும் அதிகாரமும் படைத்தோருக்கு அல்லாஹ் அருள்வானாக! உரிய வேளையில் உரைக்கும் நாவை நம் அனைவருக்கும் அருள்வானாக!