அவையில்லாத அரங்கேற்றம்

நேரில் நாணத்தாலோ அச்சத்தாலோ கூறத் தயங்கும் உண்மையை இளைஞர் எழுத்தில் துணிந்து கூறிவிடுகின்றனர் என்பது பலருடைய கருத்து. மாணவர் தம் எழுத்தை இணையத்தில் பகிர்ந்துகொள்வதால் வாய்மை வளர்கிறது என வாதிடுவோர் இதனையே ஆதாரமாகக் காட்டுவர். இதில் ஓரளவு உண்மை உண்டு. அது எந்த அளவு என்பதே ஆராயத்தக்கது.

ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர், சாண்ட்ரா பீல் என்பவருடன் சேர்ந்து கல்லூரி மாணவரிடையே நடத்திய ஆய்வொன்று 1986-இல் வெளியாயிற்று. நாளொன்றுக்கு 15 நிமிடமாக நான்கு நாட்கள், தம் வாழ்வில் நேர்ந்த பெருந்துன்பத்தை எழுதுமாறு ஒரு சாராரும், சாதாரணச் செய்திகளை எழுதுமாறு மற்றொரு சாராரும் பணிக்கப்பட்டனர். துன்பத்தை உணர்ச்சியோடு எழுதியோர் அன்றைக்குச் சோர்வுற்றனர். ஆயினும், பின்வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவரை நாடியது குறைவு. எழுத்தின் ஆற்றலுக்கு இதனைச் சான்றாகக் கூறுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். அம்மாணவர் எழுதியதைத் தோழர் எவரும் படிக்கவில்லை. பாராட்டுவாரும் இல்லை, பழிப்பாரும் இல்லை. அவர்கள் மனம் திறந்ததற்கு எழுத்தோடு அந்தத் தனிமையும் காரணமன்றோ?

இணையம் அத்தனிமையை நீக்கிவிட்டது. ஃபேஸ்புக் 2004-இல் ஹார்வர்டு மாணவர்க்கென்றே தோன்றியது. விருப்பத்தைத் தெரிவிக்கும் 'லைக்' பொத்தான் 2009-இல் அதனுடன் சேர்ந்தது. அன்றுமுதல் எழுதுவோன் கண்முன் ஓர் எண் நிற்கிறது. தேர்வில் தோற்றதை எளிமையாக எழுதிய மாணவனுக்கு மூன்று பேர் விருப்பம் தெரிவிக்கின்றனர். அதனையே கண்ணீரோடு எழுதியவனுக்கு முந்நூறு பேர். அடுத்த முறை முன்னவன் என்ன செய்வான்? அவன் பொய் எழுதமாட்டான். ஒவ்வொரு சொல்லும் மெய்யாகவே இருக்கும். ஆனால், எதைச் சொல்வது, எதை விடுவது என்னும் தெரிவை அவன் உள்ளம் செய்யாது. அந்த எண்ணே செய்யும். இத்தகைய பொய்ம்மையைக் கண்டிப்பது கடினம். ஏனெனில், கண்டிப்போர் சுட்டிக்காட்டத்தக்க பொய்ச் சொல் ஒன்றும் அதில் இராது.

பிளேட்டோ தம் 'ஃபீட்ரஸ்' உரையாடலில் எழுத்தின்மீது ஒரு குறை கூறுவார்: எழுத்தை வினவினால் அது மறுமொழி தாராது என்பது அது. இணைய எழுத்துக்கு இக்குறை முழுதும் பொருந்தாது. வினவினால் நொடியில் விடை வரும். ஆனால், அவ்விடை அழித்தும் திருத்தியும் அனுப்பப்படுவது. கேட்டவன் முகத்தை விடையளிப்பவன் காண்பதில்லை. முகம் காணாமையால் மனிதர் இயல்பை மீறித் துணிவதை ஜான் சூலர் 2004-இல் விரித்துரைத்தார். அத்துணிவு மனம் திறப்பாகவும் வெளிப்படும், வன்சொல்லாகவும் வெளிப்படும் என்பது அவர் கருத்து.

நம் முன்னோர் இதனை வேறு வகையில் அறிந்திருந்தனர். தொல்காப்பியம் பாண்டியன் அவையத்தில், அதங்கோட்டாசானுக்குக் குற்றமறத் தெரிவிக்கப்பட்டது என்கிறது அந்நூலின் பாயிரம். நூல் செய்தவன் அவையில் நின்றான். தடை எழுப்பினால் அங்கேயே விடை கூறவேண்டும். இன்றைய மாணவன் நாளும் அரங்கேற்றம் செய்கிறான். தடை எழுப்பும் ஆசானைத்தான் காணோம். பிடிக்காதவனைப் 'பிளாக்' செய்துவிடும் வசதி அதங்கோட்டாசான் காலத்துப் புலவர்க்கு வாய்க்கவில்லை!

இதன் விளைவு விடுதி அறையில் தெரிகிறது. இருவர் பிணங்குகின்றனர். ஒருவன் நட்பின் பிரிவைப் பற்றி உருக்கமாக எழுதி வெளியிடுகிறான். நூறு பேர் ஆறுதல் கூறுகின்றனர். அடுத்த கட்டிலில் இருப்பவனிடம் "மன்னித்துவிடு" என்று சொல்ல அதன்பின் அவனுக்குத் தேவை தோன்றுவதில்லை. சொல்லியாயிற்று என்றே எண்ணுகிறான். கேட்கவேண்டியவன் ஒருவன்தான் கேட்கவில்லை.

எழுதுவதைத் தடுப்பது இதற்கு மருந்தாகாது. நாணமுடைய மாணவனுக்கு எழுத்தே முதல் வாயில். அதனை அடைப்பது கொடுமை. தமிழாசிரியர்கள் ஒன்று செய்யலாம்: வெளியிடுமுன் அவ்வெழுத்தை நான்கு தோழர் முன் உரக்கப் படிக்கச் செய்யலாம். மிகையாக எழுதிய வரி வரும்போது குரல் தானாகவே தாழும், கேட்பவரில் ஒருவன், "அன்று இப்படியா நடந்தது?" என்பான்.