தாமதத்திற்குப் பொறுப்பாளி யார்?

கீரப்பாளையத்தில் ஒரு ஜும்ஆவிற்குப் பின், ஸஃப்புகள் கலைந்த பிறகும் ஒரு பெரியவர் எழாமல் அமர்ந்திருந்தார். அருகில் சென்று ஸலாம் சொன்னோம். மார்பகப் புற்றுநோயால் மவுத்தான தம் தங்கையைப் பற்றி ஒரு மஸ்அலா கேட்க வந்திருப்பதாகச் சொன்னார்.

"ஹள்ரத், கைக்குழந்தைக்காரி. மார்பிலே கட்டி என்று போனாள். டாக்டர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பால் கட்டு, தானாகக் கரைந்துவிடும் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். எட்டு மாதம் கழித்து வேறிடத்தில் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தபோது முற்றிவிட்டது என்றார்கள். வக்கீல் வழக்குப் போடலாம் என்கிறார். மவுத்து அல்லாஹ்வின் நாட்டம். அதற்குக் காசு வாங்கினால் தக்தீரை மறுத்ததாகாதா?"

நம் வீடுகள் பலவற்றில் இந்தக் கேள்வி வாய்விட்டுக் கேட்கப்படாமலே புதைந்து போகிறது. பொறுமை என்று பெயரிட்டு மூடிவிடுகிறோம். எனவே சற்று விரிவாகவே பார்ப்போம்.

அஜல் குறிக்கப்பட்டதே. அதில் முஃமினுக்கு ஐயமில்லை. ஆனால் தவறுதலாக ஒரு முஃமினைக் கொன்றுவிட்டவன் குற்றப் பரிகாரத்துடன், வாரிசுகளுக்கு திய்யத்தும் கொடுக்க வேண்டும் என்று அன்னிஸா அத்தியாயத்தின் 92ஆம் வசனம் விதிக்கிறது. கொல்லப்பட்டவரும் தம் அஜலில்தானே போனார்? அப்படியிருந்தும் அல்லாஹ்வே ஈட்டுத்தொகையை ஏற்படுத்தியிருக்க, அதைக் கேட்பது எப்படி தக்தீரை மறுப்பதாகும்? வாரிசுகள் விரும்பினால் மன்னித்துவிடலாம். அதுவும் அதே வசனத்தில் இருக்கிறது. ஆனால் மன்னிப்பது வாரிசின் உரிமை. ஊராரோ ஜமாஅத்தோ நெருக்கி வாங்கித் தருவதன்று.

மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்தவன் ளமான் ஆவான், அதாவது இழப்பிற்கு அவனே பொறுப்பு என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் தீர்ப்பு; அபூதாவூதில் வந்துள்ளது. இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்கள் ‘ஸாதுல் மஆத்’ நூலில் இதை விரித்து மருத்துவர்களை வகை பிரிக்கிறார்கள். தொழில் அறிந்து, அதன் முறைப்படி செய்து, கை தவறாதவர் மீது ஒன்றுமில்லை, நோயாளி இறந்தாலும் சரியே. இது பெரிய நீதி. இல்லாவிட்டால் எந்த மருத்துவர்தான் கத்தியைத் தொடுவார்?

ஆகவே கேட்க வேண்டியது மருத்துவர் முறைப்படி செய்தாரா என்பதே. மார்பில் கட்டி என்றால் கையால் சோதிப்பது, படம் எடுப்பது, ஐயமிருந்தால் ஊசியால் சதை எடுத்துப் பார்ப்பது என்று மூன்று படிகள் உண்டு. பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் அல்ல. ஆனால் புற்றுக் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. பால் கொடுக்கும் தாயிடம் அது பால் கட்டு போலவே தோன்றும். மூன்றையும் செய்து பார்த்தும் தவறினால் அது மனிதப் பிழை. தொடாமலே சொன்னதை அப்படிச் சொல்ல முடியுமா?

அவசரமும் ஆபத்தே. 2019இல் கேரளத்தின் கோட்டயம் மருத்துவக் கல்லூரியில், தனியார் ஆய்வகத்தின் அறிக்கையை நம்பி, புற்றுநோயே இல்லாத ஒரு பெண்ணுக்குக் கீமோ மருந்து ஏற்றினார்கள். தவறு பிறகே தெரிந்தது.

நாட்டுச் சட்டத்திலும் வழி இருக்கிறது. கட்டணம் பெற்றுச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்தில் அடங்கும் என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். மருத்துவர் மீது கிரிமினல் குற்றம் சாட்ட மட்டும், சாதாரணத் தவறு போதாது, மிகக் கொடிய அசட்டை இருக்க வேண்டும் என்று 2005இல் அதே நீதிமன்றம் வரம்பு கட்டியது. நம் ஃபுகஹாக்களின் பிரிவினைக்கு இது தொலைவில் இல்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு, "எட்டு மாதமும் அந்த டாக்டருடையதா?" என்று கேட்டோம். ஷரீஅத்தில் ளமான் அவரவர் செயலின் அளவிற்கே. அவர் விரல் விட்டு எண்ணினார். மாத்திரையை நம்பி மூன்று மாதம். மாப்பிள்ளை வளைகுடாவிலிருந்து வரட்டும் என்று மூன்று மாதத்திற்கு மேல். அந்நிய ஆண் டாக்டரிடம் மறுபடியும் காட்டுவதா என்ற கூச்சம் அதற்குள்ளேயே அடங்கியிருந்தது. பிறகு தலை குனிந்து, "நடுவிலே நாற்பது நாள் அம்மா உங்களிடம் ஓதித் தண்ணீர் வாங்கிப் போனார்கள், ஹள்ரத்" என்றார்.

நமக்கு நினைவு வந்தது. முகம் மறைத்த ஒரு தாய். மகளுக்கு மார்பில் கட்டி என்றார். நாம் ஃபாத்திஹா ஓதி ஊதிக் கொடுத்தோம். ஓதிப் பார்ப்பது ஆகுமானதே, அதில் சந்தேகமில்லை. ஆனால் "டாக்டரிடம் காட்டினீர்களா?" என்ற ஒரு வார்த்தையை நாம் கேட்கவில்லை.

தலையில் காயம்பட்ட ஒரு ஸஹாபி, குளிப்பு கடமையானபோது தயம்மும் செய்யலாமா என்று தோழர்களிடம் கேட்டார். கூடாது என்றார்கள். குளித்தார், இறந்தார். அறியாமல் பத்வா சொன்னவர்களை நபி (ஸல்) அவர்கள் எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார்கள் என்பதை நாம் மதரஸாவில் பலமுறை பாடமாக ஓதியிருக்கிறோம். அந்தத் தாயிடம் நாம் சொல்லியிருக்க வேண்டிய மஸ்அலா எளிது: பெண் மருத்துவர் கிடைத்தால் அவரிடம்; கிடைக்காவிட்டால் மஹ்ரம் உடனிருக்க ஆண் மருத்துவரிடம், தேவையான அளவு மட்டும் திறந்து காட்டலாம். சிதம்பரத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, புதுவையில் ஜிப்மர் இருக்கிறது, சென்னை அடையாற்றில் 1954 முதல் புற்றுநோய்க்கென்றே ஒரு நிலையம் இருக்கிறது. நாம் அவற்றில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை.

அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் நம் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

சென்ற வாரம் மனுவின் நகலைக் கொண்டு வந்து காட்டினார். சத்தியம் செய்து தரும் மனு, எதையும் மறைக்கக் கூடாது என்று அவரிடம் சொல்லியிருந்தோம். வக்கீல் தயங்கினாராம். ஆனாலும் தேதிகளின் வரிசையில் அந்த நாற்பது நாளும் எழுதப்பட்டிருந்தது.