சாலை இல்லாத அழகு யாருக்கு?

வெள்ளகவிக்குச் சாலை வந்துவிட்டால் அந்த ஊர் கெட்டுப்போகும் என்று சொல்கிறவர்களை அடிக்கடி சந்திக்கிறேன். அவர்கள் எல்லோருமே சாலை வழியாக வந்தவர்கள்தான். மதுரையிலிருந்தோ சென்னையிலிருந்தோ வண்டியில் கொடைக்கானல் ஏறி, வட்டக்கானலில் இறங்கி, டால்பின் நோஸ் பாறையைக் கடந்து ஒற்றையடிப் பாதையில் நடக்கிறார்கள். காட்டின் ஈரமும், கால் வைக்க இடம் தரும் வேர்களும், பள்ளத்தாக்கிலிருந்து எழும்பி வரும் மேகமும் யாரையும் இளக்கிவிடும். நானும் அந்த இறக்கத்தில் இளகியவன்தான். ‘இது இப்படியே இருக்கட்டும்’ என்று மனம் கேட்கிறது. அந்த ஆசைக்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்ற கேள்வி மட்டும் அதற்குப் பிறகு என்னை விடவில்லை.

பழனி மலையின் தென்சரிவில், கொடைக்கானலுக்கும் பெரியகுளம் பக்கத்துக் கும்பக்கரைக்கும் நடுவே இருக்கிறது வெள்ளகவி. கொடைக்கானல் என்றொரு நகரம் உருவாவதற்கு முன்பே இருந்த ஊர். 1821-ல் மலையை அளக்க வந்த லெப்டினன்ட் வார்டு, குன்னுவர்கள் வாழ்ந்த இந்தக் கிராமத்தில் தங்கித்தான் மேலே ஏறினார். 1845-ல் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிகள் வெயிலுக்கும் நோய்க்கும் தப்பி மலைமேல் தங்கள் முதல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். பிற்பாடு வந்த துரைமார் குடும்பங்கள் அம்மையநாயக்கனூரில் ரயிலை விட்டு இறங்கி, மாட்டுவண்டியில் அடிவாரம் சேர்ந்து, மட்டக்குதிரையிலும் டோலியிலும் மலையேறினார்கள். மனிதர்களும் சாமான்களுமாகக் கூலியாட்களின் தோளில் ஏறித்தான் அந்த நகரம் உருவானது. 1910-களில் வத்தலக்குண்டுப் பக்கமிருந்து லாஸ் காட் சாலை வந்ததும் நகரம் தோளை விட்டுச் சக்கரத்துக்கு மாறிக்கொண்டது. சரிவில் இருந்த ஊர் தன் பாதையோடு நின்றுவிட்டது. வெள்ளகவியை யாரும் பாதுகாத்து வைக்கவில்லை. ஒரு சாலை வேறு பக்கமாகப் போனது, அவ்வளவுதான். அந்த விடுபடலைப் பார்த்துவிட்டு ‘எவ்வளவு அழகாகக் காப்பாற்றியிருக்கிறார்கள்’ என்று வியக்கிறோம்.

நான் போனபோது ஊருக்குள் சக்கரம் என்று எதுவும் இல்லை. செருப்பும் இல்லை. வெள்ளகவியில் யாரும் ஊருக்குள் செருப்பு அணிவதில்லை. கோயில்களும் வீடுகளும் நெருங்கி நிற்கும் ஊரில், ஊர் முழுவதையுமே கோயிலாக நினைக்கிறார்கள். வெளியூர்க்காரர்களும் எல்லையிலேயே கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் வாக்குவாதத்துக்கு இடமில்லை.

ஒரு வீட்டு வாசலில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்த பாட்டியிடம், “இப்படி ஒரு அமைதி எங்களுக்கெல்லாம் கிடைக்காதுங்க பாட்டி” என்றேன். அவர் மிளகைத் துழாவுவதை நிறுத்தவில்லை.

“நீங்க பாத்துட்டு ஏறிப் போயிருவீங்க தம்பி. ராத்திரி ஒரு புள்ளைக்கு வகுத்தால போச்சுன்னா நாங்கள்ல தூக்கிட்டு ஓடணும்.”

குரலில் கோபம் இல்லை. ஒரு விவரத்தை எனக்குத் தெரியப்படுத்தினார். பிறகு மற்றதையும் சொன்னார். கம்பில் கம்பளியைக் கட்டி அதில் ஆளைப் படுக்கவைத்து, தோள் மாற்றித் தோள் சுமந்துபோக வேண்டும். மழைக்காலத்தில் பாதை வழுக்கும், காலில் அட்டை ஏறும், காட்டுமாடு குறுக்கே நின்றால் அது நகரும்வரை காத்திருக்க வேண்டும். ஊரில் இளவட்டங்கள் குறைந்தால் தூக்கவும் ஆள் குறையும். பிள்ளைத்தாய்ச்சிக்கு நாள் நெருங்குவதற்கு முன்பே கீழேயோ மேலேயோ உறவுக்காரர் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார்களாம். தன் வீட்டில் இருந்தபடி ஒரு பிள்ளையை எதிர்பார்த்திருக்கும் சாதாரணச் சுகம்கூட அந்தப் பெண்ணுக்கு வாய்ப்பதில்லை.

அந்த ஊரின் தோட்டங்களும் பாதை சொல்கிறபடிதான் இருக்கின்றன. காப்பியும் மிளகும் காய்ந்த சரக்கு. எடைக்கு நல்ல விலை, நாள்பட்டாலும் கெடாது. சுமந்து போகும் ஊருக்கு அவை தோதானவை. பட்டர் ஃப்ரூட்டும் எலுமிச்சையும் அப்படியல்ல. கனமானவை, கனிந்தால் காத்திருக்காதவை. குதிரை வாடகையும் சுமைகூலியும் போக மிஞ்சுவது சொற்பம் என்றால் மரத்தடியிலேயே விட்டுவிட வேண்டியதுதான். சந்தையில் வியாபாரி வெள்ளகவிப் பழத்துக்கென்று கூடுதலாக ஒரு ரூபாய் கொடுக்கப்போவதில்லை. வரும் பொருளுக்கும் இதே கணக்குத்தான். ஒரு மூடை சிமென்ட் ஊர் வந்து சேர்வதற்குள் அதன் விலைமேல் சுமைகூலியும் ஏறிக்கொள்கிறது. விற்கும்போது ஒரு முறை, வாங்கும்போது ஒரு முறை என்று தூரம் அவர்களிடம் இரண்டு தடவை வசூலிக்கிறது.

எளிய வாழ்க்கை பற்றி நம்மில் பலருக்கு உண்மையான ஏக்கம் இருக்கிறது. அதைக் குறைத்துப் பேச மாட்டேன். தேவைக்கு மேல் சேர்த்து, வேகத்துக்கு மேல் ஓடிக் களைத்தவர்களின் ஏக்கம் அது. ஆனால் நாம் தேர்ந்துகொள்ளும் எளிமையும், வேறு வழியில்லாமல் ஒருவர் மேல் விழுந்த எளிமையும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே தெரிகின்றன. இரண்டிலும் வெறுங்கால், மண்பாதை, கைச்சுமை. முதலாவதில் மட்டும் திரும்பிப்போக ஒரு வண்டி மேலே காத்திருக்கிறது. அந்த வண்டி இருப்பதால்தான் நமக்கு நடை இனிக்கிறது. நாம் பாராட்டும் வாழ்க்கையை அதை வாழ்கிறவர் விட்டுவிட விரும்பினால், நம் பாராட்டு அவர் முன்னால் எந்த உரிமையும் கோர முடியாது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது: பூட்டிய வீடுகள். மேல்வகுப்புப் படிக்கப் பிள்ளைகள் ஊரை விட்டுத்தான் போக வேண்டும். விடுதியில் சேர்ந்தவர்கள் விடுமுறைக்கு வருகிறார்கள். வேலை கிடைத்ததும் திருவிழாவுக்கு மட்டும் வருகிறார்கள். சாலை இல்லாதது ஊரைக் காப்பாற்றுகிறது என்று சொல்கிறோம். உண்மையில் அது ஊரை மெல்ல மெல்லக் காலி செய்கிறது. காப்பாற்றப்படுவது நமது நடைபாதைதான்.

இதனால் சாலை வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. அந்தப் பாட்டியின் ஊருக்கு மேலே என்ன நடந்திருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கிறோம். வட்டக்கானலும் ஒரு காலத்தில் சின்னஞ்சிறு மலைக் கிராமம்தான். இன்று விடுதிகளும் வாகன நெரிசலும். கொடைக்கானலுக்கு வரும் வண்டிகளைக் கணக்கிட உயர் நீதிமன்றம் தலையிட்டு 2024 மே மாதம் முதல் இ-பாஸ் முறை கொண்டுவர வேண்டியதாயிற்று. நகரத்தில் இயங்கிய தெர்மாமீட்டர் ஆலை 2001-ல் மூடப்பட்ட பிறகும், அதன் பாதரசம் பாம்பாறு சோலைச் சரிவில் தங்கிவிட்டது. பாம்பாறு கும்பக்கரைக்கு இறங்கும் ஆறு. மேலே இருப்பவர்கள் செய்வது கீழே இருப்பவர்களிடம் வந்து சேர்வது மலையின் இயல்பு. பக்கத்தில் அடுக்கம் வழியாகப் போட்ட சாலை மழைக்காலத்தில் மண்சரிந்து அடைபட்டுப்போவதையும் பார்த்திருக்கிறோம். இந்தச் சரிவுகளை வெட்டினால் அவை சும்மா இருப்பதில்லை.

காடும் சாதாரணக் காடு அல்ல. 2013-ல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. காட்டு நிலத்தில் சாலை என்றால் 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும். அந்தச் சட்டம் தேவை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதன் சுமையைத் தலைமுறை தலைமுறையாகச் சோலையோடு வாழ்ந்த ஒரு சிற்றூர் மட்டும் தாங்க வேண்டும் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. சொகுசு விடுதிகள் மலையில் எப்படியோ எழும்பிவிடுகின்றன. ஆம்புலன்ஸ் போகும் அகலத்துக்கு ஒரு பாதை கேட்கும்போதுதான் நமக்குச் சூழலியல் நினைவுக்கு வருகிறது. குறுகிய, வெட்டு குறைந்த, மழைநீர் வடிய வழிவிட்ட ஒரு பாதை போதும். சுற்றுலாப் பேருந்துக்கான சாலையை அந்த மக்களுக்காக என்று சொல்லிப் போட வேண்டாம்.

சாலையைவிட அதன் பின்னால் வரும் பணத்துக்குத்தான் நான் அஞ்சுகிறேன். முதல் ஜீப் வந்த மறுமாதமே நிலம் கேட்டு ஆள் வருவார். மூடை சுமந்து ஓய்ந்துபோன தோளுக்கு அவர் சொல்லும் தொகை மிகப் பெரிதாகத் தெரியும். காப்பித் தோட்டத்துக்காரர் அதே மண்ணில் விடுதிக் காவலாளியாக நிற்கும் நிலை இந்த மலையில் புதிதல்ல.

இந்த இடத்தில்தான் அந்தச் செருப்பு வழக்கத்தின் வலிமை எனக்குப் புரிகிறது. நூற்றுக்கணக்கான மைல் கடந்து வந்தவரையும் எல்லையில் நிறுத்தி, இங்கே எங்கள் முறைப்படிதான் நடக்க வேண்டும் என்று சொல்லத் தெரிந்த ஊர் அது. போலீஸ் இல்லை, அபராதம் இல்லை, சொன்னால் கேட்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரால், வண்டிகள் எதுவரை வரலாம், யாருக்கு நிலம் விற்கக் கூடாது, எத்தனை வீட்டில் விருந்தாளிகளைத் தங்கவைக்கலாம் என்றும் சொல்ல முடியும். சாலைக்கு முன்பே கிராம சபையில் அதைப் பேசித் தீர்மானமாக எழுதிவைத்துக்கொள்ளவும் முடியும். அவர்களால் முடியாது என்று முன்கூட்டியே தீர்மானித்துவிட்டு, அவர்களுக்காக நாம் கவலைப்படுவது மரியாதை ஆகாது.

பாட்டியிடம் கிளம்பும்போது கேட்டேன்: “ரோடு வந்தா செருப்புப் போட ஆரம்பிச்சிருவாங்களா?”

“ரோடு ஊர் வாசல் வரைக்கும் வரட்டும்” என்றார். “உள்ள என்னத்துக்கு?”

நடக்க விரும்புகிறவர்களுக்கு வட்டக்கானல் ஒற்றையடிப் பாதை அப்போதும் இருக்கும். பாட்டியின் பேத்தி அதில் நடப்பதா ஜீப்பில் ஏறுவதா என்பதை அவளே பார்த்துக்கொள்வாள்.