ஆடியவரின் சொல்

1968ஆம் ஆண்டு அமெரிக்காவின் அகஸ்டாவில் நடந்த மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியின் கடைசிச் சுற்றில், அர்ஜென்டினாவின் ராபர்ட்டோ டி விசென்சோ 17ஆவது குழியை மூன்று ஸ்ட்ரோக்கில் முடித்தார். கூட்டம் பார்த்தது, தொலைக்காட்சியும் காட்டியது. அவருடைய ஸ்கோர் அட்டையை எழுதிவந்த சக ஆட்டக்காரர் டாமி ஏரன் மட்டும் கைதவறி 4 என்று குறித்துவிட்டார். டி விசென்சோ அதைக் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டார். ஆடியது 65, ஒப்புக்கொண்டது 66. விதிப்படி 66தான் நின்றது. ஒரே ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் பட்டம் பாப் கோல்பிக்குப் போனது. ஊரறிந்த உண்மையை ஒரு கையெழுத்து வெல்லலாமா என்ற கேள்வி அன்றிலிருந்து கேட்கப்படுகிறது. வெல்லத்தான் வேண்டும் என்பது என் கட்சி. கோல்ஃப் விதிகளில் சிக்கலாகத் தோன்றும் பல இடங்கள், அந்த ஆட்டம் உண்மையை எங்கே வைத்திருக்கிறது என்று பார்த்தால் தெளிந்துவிடும். அது உண்மையை ஆடியவரின் சொல்லில் வைத்திருக்கிறது.

வேறு வழியும் அதற்கு இல்லை. பரந்த புல்வெளியில் சிதறி ஆடுகிறவர்கள் ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு நடுவரை நிறுத்த முடியாது. 1925 யு.எஸ். ஓப்பனில் பந்து அசைந்ததாகச் சொன்னவர் பாபி ஜோன்ஸ் ஒருவரே. வேறு யாரும் பார்க்கவில்லை. தனக்குத் தானே போட்டுக்கொண்ட அந்த ஒரு ஸ்ட்ரோக்கால் சமநிலைக்கு வந்து, பிளே-ஆஃபில் வில்லி மக்ஃபார்லேனிடம் தோற்றார். இதை நேர்மையின் உச்சமாகப் பாராட்டுவது வழக்கம். எனக்கு இதில் தெரிவது சாட்சியத்தின் இலக்கணம்: அவர் சொல்லாவிட்டால் அந்த அசைவு ஆட்டத்தின் கணக்கில் நிகழ்ந்ததாகவே ஆகாது.

இந்த இலக்கணத்தை 2017இல் ஆட்டமே மீறியது. கலிஃபோர்னியாவில் நடந்த ஏ.என்.ஏ. இன்ஸ்பிரேஷன் போட்டியில், லெக்ஸி தாம்ப்சன் கிரீனில் (குழியைச் சுற்றியுள்ள புல்தரையில்) குறியிட்டு எடுத்த பந்தைச் சற்றே தள்ளி வைத்துவிட்டதாக ஒரு தொலைக்காட்சிப் பார்வையாளர் மின்னஞ்சல் அனுப்பினார். தவறு நடந்தது சனிக்கிழமை. லெக்ஸிக்கு அது சொல்லப்பட்டது மறுநாள், இறுதிச் சுற்றின் நடுவில். தவறான இடத்திலிருந்து ஆடியதற்கு 2 ஸ்ட்ரோக், தவறான அட்டையில் கையெழுத்திட்டதற்கு இன்னும் 2. பிளே-ஆஃபில் ரியு சோ-யோனிடம் தோற்றார். முதல் இரண்டைக்கூட ஏற்கலாம். அடுத்த இரண்டு, அறியாமையைப் பொய்யாகப் பதிவு செய்தவை. பௌத்த நூலான மஜ்ஜிம நிகாயத்தின் உபாலி சுத்தத்தில் நடக்கும் வாதம் இதுவே: உடலால் செய்வதே வினையில் கனமானது என்கிறது நிகண்டர் (சமணர்) தரப்பு, மனத்தால் செய்வதே என்கிறார் புத்தர். கோல்ஃப் இரண்டையும் கலக்காமல் இருக்கும்வரை சரியாகத்தான் இருக்கிறது. பந்து இடம் மாறியது உடலின் கணக்கு, அதற்கு எண்ணம் தேவையில்லை. கையெழுத்து மனத்தின் கணக்கு. ஒன்றின் பிழைக்காக மற்றொன்றைத் தண்டிக்கும்போதுதான் அநியாயம் புகுகிறது. 2018 முதல் பார்வையாளர் புகார்கள் ஏற்கப்படுவதில்லை என்றும், தனக்கே தெரியாத அபராதத்தைச் சேர்க்காததற்காக அட்டையின் பேரில் கூடுதல் தண்டனை இல்லை என்றும் ஆனது. இது கருணையாகத் தோன்றலாம். பழைய இலக்கணத்துக்குத் திரும்பியதே அது.

சொல்லை நம்பினால் ஏமாற்றுக்காரருக்குக் கொண்டாட்டம்தானே என்பார்கள். ஆனால் கேமரா துரத்துவது முன்னணியில் இருப்பவரைத்தான். பின்தங்கிய நூறு பேர் அது படாமல் ஆடிவிட்டுப் போகிறார்கள். சிலருக்கு மட்டும் பூதக்கண்ணாடி வைப்பது நீதியாகாது. தவிர, இன்றைய கோல்ஃப் விதி எந்தச் சொல்லையும் அப்படியே விழுங்குவதில்லை. ஓர் இடத்தைக் கணிக்கும்போது நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய கவனத்தை ஆட்டக்காரர் எடுத்திருந்தால் மட்டுமே, பிறகு வரும் வீடியோ அவரைத் தொடாது. இன்னொரு ஆட்சேபம் இதைவிட வலுவானது: லெக்ஸியின் அறியாமைக்கு இரங்குகிறவர் டி விசென்சோவை ஏன் கைவிட வேண்டும்? அவரும் அறியாமல்தானே கையெழுத்திட்டார்? ஆனால் லெக்ஸி அறியாதது, மற்றவர்கள் திரையைப் பெரிதாக்கிக் கண்டது. டி விசென்சோ கவனிக்காமல் விட்டதோ தன் கையாலேயே அடித்த மூன்று. சொல்லுக்கு அதிகாரம் கொடுத்தால், அறிய முடிந்ததை அறிந்து சொல்லும் கடமையும் கூடவே வரும். கூட்டத்தின் சாட்சியம் அவருக்குச் சாதகமாக உள்ளே வரலாம் என்றால், லெக்ஸிக்குப் பாதகமாகவும் அதே வாசல் வழியாக வரும்.

எல்லாக் கதவையும் இந்த இலக்கணம் திறந்துவிடவில்லை. 2016 யு.எஸ். ஓப்பனில், ஓக்மான்ட்டின் 5ஆவது கிரீனில் டஸ்டின் ஜான்சனின் பந்து அசைந்தது. தான் காரணமில்லை என்றார். உடனிருந்த நடுவர் ஏற்றார். பிறகு 12ஆவது டீயில், அபராதம் வரலாம் என்றார்கள். தன் ஸ்கோர் என்னவென்றே உறுதியில்லாமல் ஆடி வென்றார். ஆட்டம் முடிந்தபின் ஒரு ஸ்ட்ரோக் சேர்க்கப்பட்டது. இன்று கிரீனில் தற்செயலாகப் பந்து நகர்ந்தால் அபராதம் கிடையாது. பந்தை அசைத்தது யார் என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல், கேள்வி எழும் இடத்தையே எடுத்துவிட்டார்கள். கிரீனுக்கு வெளியே அந்தக் கேள்வி அப்படியே இருக்கிறது. 2019இன் விதிகள் அங்கே ஓர் எண்ணை வைத்தன: ஆட்டக்காரரே பந்தை நகர்த்தினார் என்பதற்குக் குறைந்தது 95 சதவீதம் வாய்ப்பு இருக்க வேண்டும். நடுவர் அருகில் இல்லாத சாதாரண ஆட்டத்தில் அந்த 95ஐ முதலில் எடைபோடுபவர், பந்துக்கு மேல் குனிந்து நின்ற அதே ஆட்டக்காரர்தான்.