எது திருட்டு?

"மாமா, நான் திருடன் என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்."

சென்ற ஆண்டு சித்திரை மாதத்தில், கோடைமழை பெய்து ஓய்ந்த ஓர் இரவில், என் தங்கை மகன் வாசற்படியில் நின்றபடியே சொன்ன சொற்கள் இவை. செருப்பைக் கழற்றவில்லை, தோளில் தொங்கிய பையை இறக்கவில்லை. கோயம்புத்தூரில் ஒரு பொறியியற் கல்லூரியில் கணினித் துறையில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த பிள்ளை. முதலில் தலையைத் துவட்டச் சொன்னேன். பிறகு சாப்பிடச் சொன்னேன். பசித்த வயிற்றோடு நியாய அநியாயம் பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

இந்தப் பிள்ளையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். சுவர்க் கடிகாரத்தைப் பிரித்துப் போடுகிற பையன்கள் எல்லா வீடுகளிலும் உண்டு. இவன் பிரித்துப் பார்ப்பது கணினியின் இயங்குதளத்தை. நாம் எழுதுகிறோம், பாட்டுக் கேட்கிறோம், படம் பார்க்கிறோம். எல்லாம் ஒரே சமயத்தில் நடப்பதாக நினைத்துக்கொள்கிறோம். உண்மையில், நீளமான பந்தியில் ஓரிருவர் மட்டும் நின்று பரிமாறுவதைப் போல, இந்த இலைக்கு ஒரு கரண்டி, அந்த இலைக்கு ஒரு கரண்டி என்று ஓடி ஓடிப் பங்கிடும் வேலை அடியில் நடந்துகொண்டே இருக்கிறது. ஓட்டம் மிக வேகமாக இருப்பதால், தான் காத்திருந்தது எந்த இலைக்காரருக்கும் தெரிவதில்லை. யாருக்கு எப்போது எவ்வளவு என்று முடிவு செய்வதுதான் இயங்குதளம். இதை எனக்குப் புரியும்படி சொன்னவன் இவன்தான்.

அந்தப் படிப்புக்கு நான் கட்டிய சம்பளம் அதிகம். கல்லூரியில் சேர்ந்த புதிதில் தீபாவளி விடுமுறைக்கு வந்தவன், என் பழைய கணினியில் விண்டோஸுக்குப் பக்கத்தில் லினக்ஸையும் குடிவைக்கப் போவதாகச் சொன்னான். நடுவில் சுவர் எழுப்பி இரண்டு அறையாக்குவதற்குப் பதிலாக வீட்டையே இடித்துவிட்டான். நான் எழுதிக்கொண்டிருந்த நாவலின் ஒன்பது அத்தியாயங்கள் போய்விட்டன. பத்து நிமிடத்துக்குள் அவனே என்னிடம் வந்து, "தவறான பகுதியை அழித்துவிட்டேன் மாமா, தவறு என்னுடையதுதான்" என்றான். கோபம் வந்தது, ஆனால் அப்படி வந்து சொல்லுகிறவனிடம் எவ்வளவு நேரம் கோபித்துக்கொண்டிருக்க முடியும்?

மறுநாள் எனக்கு ஆறுதலாக ஒரு கதையும் சொன்னான். ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல், தம் 21ஆம் வயதில், லினக்ஸை எழுதத் தொடங்கினார். அதுவரை அவர் பயன்படுத்தி வந்தது மினிக்ஸ். ஆம்ஸ்டர்டாமில் பேராசிரியராக இருந்த ஆண்ட்ரூ டானன்பாம், மாணவர்கள் கற்பதற்காக எழுதி 1987இல் வெளியிட்டது. ஒரு நாள் டோர்வால்ட்ஸ், தொலைபேசி வழியே பல்கலைக்கழகக் கணினியைக் கூப்பிடுவதாக நினைத்துக்கொண்டு, அந்தக் கட்டளையைத் தம் ஹார்டு டிஸ்க்கின் மேலேயே எழுதிவிட்டார். மினிக்ஸ் இருந்த பகுதி பாழாயிற்று. அதை மறுபடி நிறுவாமல், தாம் எழுதியதைக் கொண்டே இனி வாழ்வது என்று துணிந்துவிட்டாராம். "பார்த்தீர்களா மாமா, அழிந்தது நல்லதற்கே" என்றான். என் ஒன்பது அத்தியாயங்களுக்கு அந்த நியாயம் பொருந்துமா என்று நான் கேட்கவில்லை.

இப்படிப்பட்டவன் எப்படித் திருடன் ஆனான்?

இயங்குதளப் பாடத்துக்குச் செய்முறை வகுப்பு உண்டு. பங்கிடும் முறைகளை மாணவர்கள் நிரலாக எழுதிக் காட்ட வேண்டும். முந்தி வந்தவருக்கு முந்தி என்பது ஒரு முறை. சிறிய வேலையை முதலில் முடித்து அனுப்புவது ஒரு முறை. சுற்றிச் சுற்றி எல்லாருக்கும் சிறிது சிறிதாகக் கொடுப்பது ஒரு முறை. டைக்ஸ்ட்ரா என்ற அறிஞர் வகுத்த 'வங்கியர் முறை' என்றும் ஒன்று உண்டு. கடன் கேட்ட அத்தனை பேரும் தங்கள் உச்சவரம்புவரை கேட்டாலும், ஏதாவதொரு வரிசையில் எல்லாருக்கும் கொடுத்து முடிக்க வழி இருந்தால்தான் இப்போது கடன் கொடுப்பது என்ற எச்சரிக்கை முறை அது. இவற்றை எழுதி, இயக்கி, விடையை அச்செடுத்து, ரிக்கார்டு நோட்டில் ஒட்டி ஆசிரியையிடம் கையெழுத்து வாங்க வேண்டும். ஆண்டுதோறும் ஏறத்தாழ இதே பயிற்சிகள். ஆகவே மேல்வகுப்பாரின் நோட்டு கீழ்வகுப்பாருக்குப் பரம்பரைச் சொத்தாக இறங்கி வருகிறது.

இவன் இரவுகளில் செய்துகொண்டிருந்தது வேறு. லினக்ஸின் மூல நிரலையே இறக்கி வைத்துக்கொண்டு, அதில் பங்கிடும் வேலையைச் செய்கிற பகுதியைத் தேடிப் பிடித்து, அங்கே கை வைத்து, மறுபடி இயக்கி, எழுந்து நிற்கிறதா விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று கோடிக்கும் மேற்பட்ட வரிகள் கொண்ட காடு அது. பெரும்பாலும் விழுந்ததாம். விடிகிற நேரத்தில் ஒரு தடவை எழுந்து நின்றபோது, விடுதி அறையில் தனியாகக் கை தட்டினானாம். ரிக்கார்டு நோட்டுக்கு நேரம் ஏது? கடைசி நாள் மேல்வகுப்பு மாணவனிடம் கோப்புகளை வாங்கி அப்படியே அச்செடுத்து ஒட்டிவிட்டான். அச்சின் மேல்வரியில் அந்த மாணவனுடைய பதிவெண் இருந்தது. இவன் கவனிக்கவில்லை. ஆசிரியை கவனித்தார்.

நோட்டுக்குப் பூச்சியம். பிறர் வேலையைத் திருடியதாக ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கடிதம். வீட்டிலிருந்து பெரியவர் ஒருவர் வந்து துறைத் தலைவரைப் பார்க்க வேண்டும்.

"அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் மாமா. நீங்கள் வாருங்கள். துறைத் தலைவர் உங்கள் நாவல்களைப் படிக்கிறவர். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால்..." என்று நிறுத்தினான்.

அந்த நேரத்தில் எனக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது என்பதை மறைப்பானேன்?

கை கழுவியதும் வாதாடத் தொடங்கினான். "இரவெல்லாம் பிறர் எழுதியதைத்தான் எடுக்கிறேன், ஆயிரக்கணக்கான வரிகள். ஒருவரும் என்னைத் திருடன் என்று சொல்லவில்லை. நோட்டில் ஒட்டியது சில பக்கங்கள்; அதுவும் எனக்குத் தூக்கத்திலும் தெரிந்த பாடம். ஒன்றும் தெரியாமல் பார்த்து எழுதியவர்கள் மதிப்பெண் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்."

"லினக்ஸை எடுத்துக்கொள்ள அவர்களே அனுமதி கொடுத்திருக்கிறார்களே" என்றேன். எனக்கும் கொஞ்சம் தெரியும். ரிச்சர்டு ஸ்டால்மன் 1980களில் வகுத்த உரிமத்தின் கீழ் 1992இல் லினக்ஸ் வந்து சேர்ந்தது. யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் முன்னவர் உரிமைக் குறிப்பை அழிக்கக் கூடாது. மாற்றியதைப் பிறருக்குக் கொடுத்தால், மூல நிரலையும் அதே உரிமையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

"எனக்கும் அந்த அண்ணன் மனமாரத்தான் கொடுத்தார்" என்றான் அவன்.

உண்மைதான். உடையவர் சம்மதத்தால் மட்டும் இது தீரவில்லை. "நீ மறைத்துச் செய்தாய்" என்றேன்.

அதற்கும் பதில் வைத்திருந்தான். ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ் என்ற ஆசிரியர், யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஏறக்குறைய ஒன்பதாயிரம் வரிகளையும் மாணவர்களுக்காக அச்சிட்டு, 1977இல் அதற்கு விரிவுரையும் எழுதி முடித்தார். நம் உரையாசிரியர்கள் செய்த பணியைப் போன்றதுதான். 1979இல் அதன் அடுத்த பதிப்பு வந்தபோது, மூல நிரலை வகுப்பில் பாடமாக வைக்கக் கூடாது என்று ஏ.டி. அண்ட் டி. நிறுவனம் தடுத்துவிட்டது. லயன்ஸின் உரை வெளிப்படையாகக் கிடைக்காத நூலாயிற்று. மாணவர்கள் விட்டார்களா? நகலுக்கு நகல், அந்த நகலுக்கு நகல் என்று எழுத்து மங்கும்வரை எடுத்துக் கைமாற்றிக்கொண்டார்கள். 1996இல்தான் அது முறையாக வெளிவந்தது. "அவர்களும் மறைத்துத்தான் செய்தார்கள். அவர்கள் எல்லாரும் திருடர்களா மாமா?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. சட்டத்தின் கண்ணுக்கு அது குற்றமாகவே இருந்திருக்கலாம். ஆனாலும் ஒன்று தோன்றியது. அந்த மாணவர்கள் நிறுவனத்திடம்தான் மறைத்தார்கள். அந்த மங்கிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவன்கூட, "இதை நான் எழுதினேன்" என்று சொல்லவில்லை. லயன்ஸின் பெயர் அந்த நகல்களோடுதான் ஊர் ஊராகப் போயிற்று.

இதைச் சொல்லாமல் வேறொன்று கேட்டேன். "உன் வகுப்பில் நோட்டைத் தானே எழுதியவர்கள் யாராவது உண்டா?"

சிறிது யோசித்தான். "இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். ஒருத்திக்கு வங்கியர் முறை கடைசிவரை சரியாக வரவே இல்லை. தவறான விடையையே அச்செடுத்து ஒட்டியிருந்தாள். எல்லாரும் சிரித்தோம்."

"அவளுக்கு மதிப்பெண்?"

"குறைத்துவிட்டார்கள்."

வெளியே கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. வெகு நேரம் கழித்து அவனே மெல்லப் பேசினான். "யூனிக்ஸை எழுதியவர்களே ஓரிடத்தில், படிப்பவருக்கு இது புரியும் என்று எதிர்பார்க்கவில்லை என்கிற மாதிரி ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள் மாமா. தேர்வில் இது வராது என்று சொல்வதைப் போலத்தான் எழுதினோம், உண்மையில் அந்த இடம் எங்களுக்கே விளங்கவில்லை என்று டென்னிஸ் ரிச்சி பின்னாளில் ஒப்புக்கொண்டார்." அதற்கு மேல் பேசவில்லை. பாயை விரித்துப் படுத்துவிட்டான்.

எனக்குத்தான் உறக்கம் வரவில்லை.

அவன் சொன்ன டோர்வால்ட்ஸ் கதைக்குப் பின்பகுதி ஒன்று உண்டு. 1992இல் டானன்பாம், லினக்ஸின் அமைப்பே பழைய காலத்தது என்று வெளிப்படையாகத் தாக்கினார். என் மாணவனாக இருந்து இப்படி எழுதியிருந்தால் நல்ல மதிப்பெண் கிடைத்திராது என்றும் சொன்னார். டோர்வால்ட்ஸும் சுடச்சுடப் பதில் கொடுத்தார். பிறகு 2004இல், லினக்ஸ் மினிக்ஸிலிருந்து எடுத்தது என்ற சந்தேகத்தை அமெரிக்காவில் ஒருவர் கிளப்பினார். அப்போது, இல்லை, அந்த இளைஞர் தாமேதான் எழுதினார் என்று ஊரறியச் சொன்னவர் அதே டானன்பாம். டோர்வால்ட்ஸ் மினிக்ஸில் கற்றவர், அதன் கருத்துகள் சிலவற்றை எடுத்துக்கொண்டவர். ஆனால் எதை எங்கே கற்றேன் என்பதை அவர் ஒளித்ததில்லை. தம்மோடு சண்டை போட்டவரிடமிருந்தே சாட்சி வாங்க முடிந்தது.

என் எழுத்து வாழ்க்கையில் எல்லாவற்றுக்கும் அப்படிச் சாட்சி கிடைக்குமா? இருபத்திரண்டாம் வயதில், மாப்பசானின் சிறுகதை ஒன்றை ஆங்கிலத்தில் படித்தேன். ஊரை மாற்றினேன், பெயர்களை மாற்றினேன், குதிரை வண்டியை மாட்டு வண்டியாக்கினேன். முடிவை மட்டும் தொடவில்லை, தொட்டால் கெட்டுவிடும். பத்திரிகையில் என் பெயரில் வெளிவந்தது. பாராட்டி வந்த கடிதங்களை இன்னும் வைத்திருக்கிறேன். மாப்பசான் இறந்தது 1893இல். எந்தச் சட்டமும் என்னைக் கேட்கப் போவதில்லை. அன்று முதல் அந்தக் கதை என் தொகுப்பில் இருக்கிறது. அதே ஆண்டில், சொந்தமாக எழுதிச் சுமாராக வந்ததால் திருப்பி அனுப்பப்பட்ட கதைகள் எத்தனையோ? அவற்றை எழுதியவர்களைப் பற்றி நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. தவறான விடையை ஒட்டிய அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்ட பிறகுதான் நினைத்தேன்.

மறுநாள் கல்லூரிக்குப் போனோம். கல்லூரியின் மேல் எனக்குக் குறை இல்லாமல் இல்லை. ஆண்டுதோறும் ஒரே பயிற்சியைக் கொடுத்து, சரியான விடைக்கு மட்டும் மதிப்பெண் வைத்தால், நாணயமாகத் தவறுகிறவர்களைத் தண்டித்ததாகத்தான் ஆகும். அதைத் துறைத் தலைவரிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. காப்பி வரவழைத்தார், என் நாவலொன்றில் வருகிற பாட்டியைப் பற்றிப் பேசினார். பிறகு நோட்டைக் கையில் எடுத்து, "நீங்கள் சொன்னால் இதைப் பார்த்துக்கொள்ளலாம்" என்றார்.

என் தங்கை மகன் என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு வார்த்தை போதும். அந்த இரண்டு வார்த்தை என் நாக்கு நுனியில் இருந்தது.

"நான் அதற்காக வரவில்லை" என்றேன். சொன்ன பிறகு கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது. பிள்ளையின் மதிப்பெண் அல்லவா?

அவன் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டான். எல்லாப் பயிற்சிகளையும் தானே எழுதிக் கொண்டுவருவதாகவும், மதிப்பெண் வேண்டாம், பார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும் என்றும் சொன்னான். ஒப்புக்கொண்டார்கள். பூச்சியம் பூச்சியமாகவே நின்றது.

திரும்பும்போது பஸ்ஸில், "அம்மாவிடம் நானே சொல்லிவிடுகிறேன்" என்றான். அப்போதுதான் என் கதையைப் பற்றி அவனிடம் சொன்னேன். எந்தக் கதை என்று கேட்டான். சொன்னேன்.

"அதுவா? அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் எடுத்துக் காட்டுவார்களே, அந்தக் கதையா?"

"அதேதான்."

வெகு தூரம் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். பிறகு, "பெயரை மட்டும் போட்டிருக்கலாமே மாமா. ஒரு வரிதானே?" என்றான்.

அந்தத் தொகுப்பின் மறுபதிப்புக்கான அச்சுப் படிகள் இப்போது என் மேசைமேல் இருக்கின்றன. கதைத் தலைப்புக்குக் கீழே அந்த ஒரு வரியைச் சேர்த்துவிட்டேன். அச்சகத்துக்கு அனுப்புவதற்கு முன்னால் தங்கைக்குக் கடிதம் எழுத வேண்டும். இரண்டு முறை தொடங்கிக் கிழித்துப் போட்டிருக்கிறேன்.