நுகர்வும் செலவும்

ஆங்கிலத்தில் ‘கன்ஸ்யூம்’ என்றொரு வினைச்சொல் உண்டு. எடுத்துக்கொள்ளுதலைக் குறிக்கும் இலத்தீன் வினையோடு, முழுமையைச் சுட்டும் முன்னொட்டு இணைந்து பிறந்தது அது. தீ வீட்டை அழிப்பதற்கும், மனிதன் உணவு உண்பதற்கும், கவலை உள்ளத்தை அரிப்பதற்கும் அவ்வொரு சொல்லே வழங்கும். நம்மவர் எலும்புருக்கி என அஞ்சிய காசநோயையும் ஆங்கிலேயர் நெடுங்காலம் அச்சொல்லின் பெயர்வடிவாலேயே அழைத்தனர். 1776இல் ஆடம் ஸ்மித், பொருளாக்கம் அனைத்திற்கும் முடிவான நோக்கம் இதுவே என்று எழுதினார். நோயின் பெயராயிருந்த சொல் வாணிகத்தின் குறிக்கோளும் ஆயிற்று!

இதற்கு ஈடாக நாம் கொண்ட சொல் ‘நுகர்தல்’. 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் அது பலர் நாவிலும் பயின்றது. ஆயின் தமிழில் மணத்தை முகர்வதும், இன்ப துன்பங்களை அனுபவிப்பதும், வினைப்பயனைத் துய்ப்பதும் நுகர்தலே. ஆங்கிலச் சொல் பொருளுக்கு நேர்ந்ததைக் காட்டுகிறது. தமிழ்ச் சொல்லோ நுகர்ந்தவருக்கு நேர்ந்ததைக் காட்டுகிறது.

‘மல்லிகையின் மணம் முகர்வதால் தீராது, சோறு உண்டால் தீர்ந்துவிடுமே!’ என அன்பர்கள் வினவலாம். மெய்தான். மௌலா அலியின் டீசல் என்ஜின் பணிமனையை அறிந்த இரயில்வேக் குடும்பத்தார்க்கு இதன் விடை எளிதில் விளங்கும். எரிந்த டீசல் மீளாது. வண்டி ஓடினால் ஆயிரம் பேர் ஊர் சேர்வர். என்ஜின் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தாலும் எண்ணெய் எரியத்தான் செய்யும். இரண்டிலும் தீர்வது ஒன்றே, விளைவது ஒன்றன்று.

‘செலவு’ என்னும் தமிழ்ச் சொல்லுக்குப் பயணம் என்றும் பொருள் உண்டு. அகப்பாடல்களில் தலைவன் பிரிந்து செல்வதும் செலவே. பொருள் தீர்ந்ததா என்பதை விட, அது எங்கே சென்று சேர்ந்தது என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

மௌலா அலிக் குன்றின் அடிவாரத்தில் உருதுக் கவிஞர் மாஹ் லகா பாய் சந்தாவின் கல்லறை உள்ளது. 1792இல் தம் அன்னைக்காக அவர் எழுப்பிய கட்டடத்திலேயே, 1824இல் அவரும் அடக்கமானார். நிஜாம் அரசவையில் பெருஞ்செல்வம் துய்த்த அவர், தம் உடைமைகளை வீடற்ற பெண்களுக்கு விட்டுச்சென்றார் என்பர். அவர் அணிந்த பட்டு மட்கியிருக்கும். ஈந்ததன் பேச்சு இன்றும் நிற்கிறது. வேந்தனுக்கும் வேடனுக்கும் உணவும் உடையும் ஓரளவே என்றும், செல்வத்தின் பயன் கொடுத்தலே என்றும் புறநானூற்றில் நக்கீரர் உரைத்த அறம் இதுவன்றோ?

துய்ப்பது குற்றமன்று. பசித்தவன் உண்ணவேண்டும், குழந்தைக்குப் பண்டிகையில் புத்தாடை வேண்டும். பிழைப்பிற்காக ஊர்விட்டுச் செலவு மேற்கொண்ட நாம், மாதக் கடைசியில் ‘எவ்வளவு செலவாயிற்று?’ என்று கணக்குப் பார்க்கிறோம். ‘எங்கே சென்றது?’ என்றும் ஒருமுறை கேட்டுப் பார்ப்போமாக. அக்கேள்விக்கு நாணாமல் விடை கூற இயலுமாயின், தீர்ந்த பொருளும் வீணாகவில்லை என்று அமைதி கொள்ளலாம்.