பிணம் விழாத குற்றம்

அலினா ஆடம்ஸின் ‘மர்டர் ஆன் ஐஸ்’ (2003) நாவலில், ஃபிகர் ஸ்கேட்டிங் போட்டியில் ரஷ்யப் பெண்ணுக்கு ஓட்டுப் போட்ட நடுவர் செத்துக் கிடக்கிறார். கோஸி வகை துப்பறியும் கதை, ரத்தம் தெறிக்காது. டீவிக்குத் தகவல் திரட்டும் பெக்ஸ் லெவி (ஆசிரியரும் அதே வேலை பார்த்தவர்தான்) துப்பறிவாள். கொலையாளி மாட்டியதும் நாம் நிம்மதியாகத் தூங்கலாம்.

சரி, அந்த ஓட்டு நியாயமானதா? எனக்கு உறுத்துவது அதுதான்.

2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் பிணம் எதுவும் விழவில்லை. ரஷ்ய ஜோடிக்கு ஓட்டுப் போடச் சொல்லி நெருக்கடி வந்ததாகப் பிரெஞ்சு நடுவர் சொன்னார், பிறகு மறுத்தார். கனடா ஜோடிக்கும் தங்கம் கொடுத்தார்கள். ரஷ்ய ஜோடியிடமிருந்து பிடுங்கவில்லை. அப்படியென்றால் அநியாயம் நடந்ததா, இல்லையா? ரெண்டுக்கும் ‘ஆமாம்’ சொன்ன மாதிரி ஒரு தீர்ப்பு. அப்புறம் வந்த புது முறையில், எந்த மார்க்கை எந்த நடுவர் போட்டார் என்பதையே மறைத்துவிட்டார்கள். 2016 வரை அப்படித்தான். நெருக்கடியிலிருந்து நடுவரைக் காப்பாற்றவாம்! துப்பறிவாளர் பெயரைக் கண்டுபிடிப்பார். இங்கே சீர்திருத்தமே பெயரை அழித்தது.

கொலை நடந்தால் யாரோ ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும். அதற்காகவே இந்த நாவல்களுக்குப் பிணம் தேவைப்படுகிறதோ என்னவோ. மேடையில் இரண்டாவதாக நிற்கிறவள் கேட்பது வேறு: யார் போட்ட மார்க்கில நான் தோத்தேன்?